தலைக்கு மேலே ஒரு பாட்டில்

– எந்த பாட்டில்?

– நீங்க ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அந்த பாட்டில்.

– ஏம்மா, டியூட்டி நடுவுல புருஷனுக்கு போன் பண்ணிக் கேக்கற கேள்வியா இது? தொற்று வந்து, ஊரை மூடி, சரக்குக் கடைக்கெல்லாம் சீல் வச்சு இன்னியோட முப்பத்தெட்டு நாள். நானும் முப்பத்தெட்டு நாளா பச்சைத் தண்ணி. வீட்ல பாட்டில் எங்கேருந்து முளைக்கும்?

– சீல் வச்ச அன்னிக்குக் காலைல நீங்க வரிசைல நின்னதை மூணாவது மாடி டீச்சர் பாத்திருக்காங்க. முழு பாட்டில். காகிதத்துல சுத்தி, சட்டைக்குள்ள விட்டு, வயித்து வலிக்காரர் மாதிரி நடந்து வந்தீங்களாம்.

– டீச்சருக்குக் கண்ணாடி பவர் மாத்தணும்.

– சமையல் டின், தண்ணித் தொட்டி, பாத்ரூம் பரண், உங்க டூல் பேக், எல்லாத்தையும் துழாவியாச்சு. கிடைக்கல. கிடைச்சிருந்தா உங்களைக் கேக்க மாட்டேன். சீக்கிரம் சொல்லுங்க.

– ஓஹோ. புரிஞ்சுடுச்சு. நாளன்னிக்கு திங்கக்கிழமை தடையை எடுக்கறாங்க, கடை திறக்குது. அதுக்கு முன்னாடி சிஸ்டரம்மா எனக்கு மாதிரித் தேர்வு வைக்கறீங்க. நான் பாஸ். வச்சுடறேன்.

– வச்சீங்கன்னா இங்க ஒரு ஆள் செத்துடுவார்.

– ...என்னது?

– எமர்ஜென்சி வார்டுல ஒருத்தர் கிடக்கார். ஜன்னல் கண்ணாடி துடைக்கற திரவத்தை ஜூஸ்ல கலந்து குடிச்சிருக்கார். அதுல இருக்கறது மெத்தனால். உள்ள போய் மெதுவா அமிலமா மாறும். முதல்ல கண்ணைத் தின்னும், அப்புறம் ஆளை. அது மாறாம நிறுத்தி வைக்கணும்னா நல்ல ஆல்கஹாலை மூக்குக் குழாய் வழியா அளந்து அளந்து விடணும். உடம்பு நல்லதை முதல்ல செரிக்கப் போயிடும். கெட்டது சும்மா காத்துக் கிடக்கும். அதுக்குள்ள ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ணி வெளிய எடுத்துடலாம்.

– சரக்குக்கு மருந்து சரக்கா? இதையே நான் சொல்லியிருந்தா நீ கரண்டியைத் தூக்கியிருப்ப.

– நான் சொல்லல. டியூட்டி டாக்டர் சொல்றார். பக்கத்துல நின்னு ஒவ்வொரு மணிக்கும் ரத்தத்துல அளவு பாத்துத்தான் குடுப்பார். அதுக்குன்னு தனி ஊசி மருந்தும் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரில. கிளம்பிடுச்சு. ஆனா நாளைக்கு மதியம்தான் வந்து சேரும். அதுவரைக்கும் இவர் தாங்கணும்.

– உங்க வார்டுல ஸ்பிரிட் கேன் கேனா இருக்குமே!

– யாரும் குடிச்சுடக் கூடாதுன்னே அதுல கண்டதைக் கலந்து அனுப்பறாங்க. கைக்குத் தடவற திரவமும் அப்படித்தான். கம்பெனி சீலோட சுத்தமான சரக்கு வேணும். கடையைத் திறக்க அதிகாரி கையெழுத்து போடணும். அவர் போனை எடுக்கல. டாக்டர் ரெண்டு ஆளை அவர் வீட்டுக்கே அனுப்பியிருக்கார். கையெழுத்து வர்றதுக்குள்ள இங்க மூச்சு நின்னுடும்.

– அத்தனை பேர் வேலை பாக்கறீங்க, ஒருத்தர் வீட்லயுமா இல்ல?

– டாக்டர் கேட்டார். "யார் வீட்லயாவது இருக்கா, கேஸ் வராது, நான் பொறுப்பு"ன்னார். எல்லாரும் ஃபேன் எப்படிச் சுத்துதுன்னு பாத்தாங்க. நான் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினேன். "என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு சார்"னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னேன். மானம் போயாச்சு. இப்ப பாட்டிலும் இல்லேன்னா, என்னை என்னன்னு நினைப்பாங்க?

– ஏம்மா, நேரா பேஸ்மெண்ட்டுக்கே இறக்கிட்டியே என்னை.

– எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பரவாயில்ல. பாதி, கால், எதுவானாலும். எப்ப குடிச்சீங்க, எத்தனை தடவை குடிச்சீங்க, எதுவும் கேக்க மாட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்கும் கேக்க மாட்டேன். எடுத்துட்டு வாங்க.

– யார் அந்த ஆள்?

– உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க லிஃப்ட் பாக்கற அந்தப் பன்னெண்டு மாடிக் கண்ணாடி ஆபீஸ் இருக்கே, அங்க வாட்ச்மேன். வயசானவர். மீசை.

– தெரியும். மீசைக்காரர்னு கூப்பிடுவோம். நான் லிஃப்ட் ஓடற ஷாஃப்டுக்குள்ள இறங்கினா, கரண்ட் சுவிட்சை யாரும் தொடாம காவலுக்கு நிப்பார். அவரா?

– அவர்தான். நீங்க சமீபத்துல அந்தப் பக்கம் போகலையே?

– பூட்டிக் கிடக்கற பில்டிங்ல எனக்கென்ன வேலை? லிஃப்டையே ஆஃப் பண்ணி வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

– இல்ல, நேத்து காய்கறி வாங்கப் போறேன்னு ரெண்டு மணி நேரம் போயிட்டு, போன பையை அப்படியே காலியா தூக்கிட்டு வந்தீங்களே, அதான்.

– கடை மூடிட்டான்னு சொன்னேன்ல? மீசைக்காரர் எப்படி இருக்கார், அதைச் சொல்லு.

– கண்ணு முன்னாடி எல்லாம் வெள்ளை வெள்ளையா இருக்குங்கறார். மூச்சு இழுத்து இழுத்து விடறார். யாரோ ஒரு புண்ணியவான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணி, என்ன குடிச்சார், நேத்து எத்தனை மணிக்குக் குடிச்சார், கேன் என்ன கலர்ங்கற வரைக்கும் சொல்லிட்டு, பேர் சொல்லாம வச்சுட்டானாம். அவன் மட்டும் சொல்லலைன்னா, மூச்சுத் திணறல்னதும் இவரையும் தொற்று வார்டுல படுக்க வச்சிருப்போம். காலைல துணி போத்தியிருப்போம்.

– ...பாட்டில் இருக்கு.

– அப்பாடா! எவ்வளவு இருக்கு?

– முழுசா இருக்கு.

– என்னங்க, இப்பப் போய்...

– நம்ப மாட்டேன்னு தெரியும். திறக்கவே இல்ல. சீலோட இருக்கு.

– நம்பறதை அப்புறம் பாத்துக்கலாம். எங்க இருக்கு?

– லிஃப்ட்ல.

– நம்ம பில்டிங் லிஃப்ட்லயா? அதுல பட்டனையும் கண்ணாடியையும் விட்டா வேற என்ன இருக்கு?

– உள்ள இல்லம்மா. மேல. கேபின் கூரை மேல, கயிறு கட்டற இரும்புச் சட்டத்துக்குப் பின்னாடி, பழைய துணில சுத்தி வச்சிருக்கேன்.

– யோவ்! முப்பத்தெட்டு நாளா நான் டியூட்டி முடிச்சு, கால் வலிக்க அந்த லிஃப்ட்ல ஏறி, "இன்னிக்காவது வீட்ல இந்த மனுஷன் குடிக்காம இருக்கணும்"னு வேண்டிக்கிட்டே வருவேன். அப்ப அது என் தலைக்கு மேல உக்காந்து என்கூடவே வந்துச்சா?

– உன் தலை மட்டுமா, டீச்சர் தலை மேல தினம் நாலு தடவை போய் வருது.

– சிரிப்பு வரல எனக்கு. எடுங்க.

– இரு, நாலாவது மாடிக்கு வந்துட்டேன். டீச்சர் உள்ள இருக்காங்க, கீழ போறாங்க. அவங்க இறங்கட்டும்.

– இங்க நான் ஒருத்தர் மூச்சை எண்ணிக்கிட்டிருக்கேன், அங்க டீச்சர் ஊர்கோலம் போறாங்களா?

– ஆள் உள்ள இருக்கும்போது நடுவுல நிறுத்தக் கூடாது. தொழில் தர்மம். ...இறங்கிட்டாங்க. கேபினை மூணாவதுல நிறுத்தறேன். நாலாவது மாடி லிஃப்ட் கதவை முக்கோண சாவி போட்டுத் திறந்தேன்னா கூரை என் காலுக்குக் கீழ. போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்கெட்ல வைக்கறேன். பேசிக்கிட்டே இரு.

– கை நடுங்குதா?

– இல்ல.

– நிஜமா?

– இல்லம்மா. மூணாம் நாள் நடுங்கின மாதிரியா இப்ப? அன்னிக்குச் சுவர்ல எறும்பு போகுது, எறும்பு போகுதுன்னு உன்னைத் தூங்கவே விடாம கத்தினேன். சுவர்ல ஒண்ணுமே இல்ல. நீ மாத்திரையைக் குடுத்து, விடிய விடிய என் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த.

– அதே ராத்திரி வார்டுக்கு வலிப்போட மூணு பேர் வந்தாங்கன்னு மறுநாள் தெரிஞ்சுது. திடீர்னு குடி நின்னுபோன ஆளுங்க. அவங்க வீட்லயும் ஒரு நர்ஸ் இருந்திருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன். ...கிடைச்சுதா?

– கிடைச்சுது.

– ஏன் வாங்கி வச்சீங்க அதை?

– தாங்க முடியாமப் போற நாளைக்குன்னு வாங்கினேன். அப்புறம் ஒவ்வொரு நாளும், இன்னிக்கு இல்ல, இன்னிக்கு இல்லன்னு தள்ளிப் போட்டேன். அது அங்க இருக்குங்கற தைரியத்துலயே இங்க ஓட்டிட்டேன். சொன்னா உனக்குப் புரியாது.

– பாதி புரியுது. கீழ இறங்குங்க. ஆறாம் நம்பர் ஆம்புலன்ஸை அனுப்பியிருக்கேன். டிரைவர் அண்ணனுக்கு வாய் ஓயாது, ஆனா கை நல்ல கை. மாஸ்க் போடுங்க. பாட்டிலைக் கீழ போட்டீங்க, வீட்டுக்கு வர வேண்டாம், அப்படியே ஷாஃப்ட்லயே குடித்தனம் பண்ணிக்கங்க.

*

– ஏறுங்க தம்பி, ஏறுங்க. சிஸ்டர் வீட்டுக்காரர்தானே? முன்னாடியே உக்காருங்க, பின்னாடி இப்பத்தான் மருந்தடிச்சேன், கண்ணு எரியும். எங்க, காட்டுங்க அதை. ஆஹா! ஸ்டியரிங் சத்தியமா சொல்றேன், முப்பத்தெட்டு நாளுக்கப்புறம் இப்பத்தான் ஒரு முழு பாட்டிலைக் கண்ணால பாக்கறேன்.

– ரோட்டைப் பாத்து ஓட்டுங்கண்ணே.

– ரோட்டைப் பாக்க என்ன இருக்கு, நாயும் நானும்தான். பெல்ட்டைப் போடுங்க. சைரன் வேணுமா? போடறேன். இந்த வளைவு இருக்கு பாருங்க, போன வருஷமெல்லாம் சனிக்கிழமை ஆனா எனக்கு இங்கதான் வாடகை வீடு. ஒரே நாள்ல ஏழு தடவை வந்திருக்கேன். குடிச்சுட்டு பைக்கோட விழுந்தவன், அவனைத் தூக்கப் போய் விழுந்தவன், அவங்க ரெண்டு பேர் மேலயும் ஏத்தினவன். தடை வந்ததுல இருந்து இந்த வளைவுக்கு ஒரு தடவை கூட வரல.

– நல்லதுதானே.

– நல்லதா? உங்க வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க. சனிக்கிழமை சாயங்காலம் தையல் ரூம்ல நூல் தீர்ந்துபோய் பக்கத்து வார்டுல கடன் கேப்பாங்க. மண்டை உடைஞ்சவன், பாட்டிலால குத்து வாங்கினவன், புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு "கதவு இடிச்சுடுச்சு"ங்கற அம்மா. இப்ப நூல் டப்பா பிரிக்காம இருக்கு. அந்த வார்டு பெட் எல்லாம் காலி. அதுலதான் இப்ப மூச்சுத் திணறல் கேஸ் அத்தனை பேரும் படுத்திருக்காங்க. பெட் இல்லேன்னு நான் ஒருத்தரைக் கூடத் திருப்பிக் கூட்டிட்டுப் போகல தம்பி. பக்கத்து ஊர்ல எல்லாம் வராந்தாவுல படுக்க வச்சாங்க.

– மீசைக்காரருக்கும் அதனாலதான் பெட் கிடைச்சுதா?

– அதனாலதான். ஆனா கேளுங்க, எல்லாம் தங்கம்னு சொல்ல மாட்டேன். முதல் வாரம் நான் தூக்கினதெல்லாம் வலிப்பு கேஸ். அப்புறம் கைக்குத் தடவறதைக் குடிச்சவன், பெயிண்ட் கரைக்கறதைக் குடிச்சவன். கடையை மூடறது ஒரு உத்தரவு, ஒரு பூட்டு. உடம்பை மூட முடியுமா? மூடின அன்னிக்கே மாத்திரையும் கையில குடுத்திருக்கணும். அதை உங்க வீட்டுக்காரம்மாதான் டாக்டர்கிட்ட மல்லுக்கட்டி வாங்கினாங்க. காலியா கிடந்த தையல் ரூம்ல ஒரு மேஜையைப் போட்டு, "கை நடுங்குறவங்க வரலாம், பேர் எழுத மாட்டோம்"னு அட்டையில எழுதி மாட்டினாங்களே!

– என்கிட்ட சொல்லவே இல்ல.

– ஏன் சொல்லணும்? உங்களை வச்சுத்தானே அந்த யோசனையே வந்திருக்கும். ரெண்டாவது வாரத்துல இருந்து வலிப்பு கேஸ் பாதியா குறைஞ்சுது. திங்கக்கிழமை கடை திறந்துட்டா மறுபடி தையல் ரூம் தையல் ரூமாயிடும், மேஜையை எடுத்துடுவாங்கன்னு சிஸ்டருக்கு ஒரே கவலை. மேஜைக்கு மட்டும் கவலைப்படலன்னு எனக்குத் தெரியும். என்ன தம்பி, கண்ணைக் கசக்கறீங்க?

– ஒண்ணுமில்ல. மாஸ்க் போட்டா கண்ணாடியில ஆவி ஏறிடுது.

– சரி சரி. கண்ணுன்னதும்தான் ஞாபகம் வருது. மத்தியானம் அந்த மீசைக்காரரைத் தூக்கப் போனவன் நான்தான். பன்னெண்டாவது மாடி. லிஃப்ட் ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஸ்ட்ரெச்சரோட படியில எப்படி இறக்கறதுன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே போறேன். போய்ப் பாத்தா, ஸ்டியரிங் சத்தியமா தம்பி, லிஃப்ட் கீழ நிக்குது, லைட் எரியுது, கதவு மூடாம இடுக்குல ஒரு பெரிய ஸ்பானரைச் சொருகி வச்சிருக்கு!

– அப்படியா.

– அப்படியாவா? பேயா வந்து சொருகிச்சு? போன் பண்ணினவன்தான் பண்ணியிருக்கான். எங்களைப் பாத்ததும் பின் வாசல் வழியா ஓடிட்டான் போல. குடிச்ச கேஸ்ல மாட்டிக்கப் பயம். ஸ்பானரை எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன், இதோ உங்க கால்கிட்ட இருக்கு பாருங்க, பையில.

– குடுங்கண்ணே, நான் லிஃப்ட் கம்பெனிலதானே இருக்கேன். யாரோடதுன்னு விசாரிச்சுக் குடுத்துடறேன்.

– ஊஹூம். சிஸ்டர் கையில ஒப்படைக்கணும். ஆளைக் கண்டுபிடிக்க அது ஒண்ணுதான் துப்பு. ஏன்னா விஷயம் இன்னும் இருக்கு தம்பி. மேல அவர் ரூம்ல மேஜை மேல ரெண்டு கிளாஸ். ரெண்டு! அப்ப குடிச்சது ரெண்டு பேர். ஒருத்தர் இங்க வந்துட்டார். இன்னொருத்தன் எங்க? இன்னேரம் எந்த ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, வெளிச்சம் வெள்ளையா இருக்கேன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டு உக்காந்திருக்கானோ. சிஸ்டர்கிட்ட இன்னும் சொல்லல, இறக்கிவிட்ட உடனே அடுத்த கேஸுக்கு ஓட வேண்டியதாப் போச்சு.

– அவருக்கும் அது விஷம்னு தெரிஞ்சிருக்காதுண்ணே.

– யாருக்கு?

– அந்த ரெண்டாவது ஆளுக்கு. தெரிஞ்சிருந்தா மீசைக்காரரையும் குடிக்க விட்டிருக்க மாட்டார். இன்னிக்குத் தெரிஞ்சதும்தானே ஓடி வந்து லிஃப்டைப் போட்டிருக்கார்.

– அவனுக்கு வக்கீலா நீங்க? இருங்க, முன்னாடி போலீஸ் தடுப்பு. பாட்டிலை சீட்டுக்கு அடியில... வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். ஒளிச்சாத்தான் சந்தேகம். ...வணக்கம் சார். ஆறாம் நம்பர். ஆமா சார், அது அதேதான் சார். மருந்து சார். சிரிக்காதீங்க சார், ஒரு நிமிஷம்... தெரியும் சார், நாளன்னிக்குத் திறக்கறாங்க, அதுவரைக்கும் ஆள் தாங்க மாட்டார் சார். இந்தாங்க, டாக்டர்கிட்டயே பேசுங்க. ...ஆமா சார். ...ஆமா. ...ரொம்ப நன்றி சார். முன்னாடி போறீங்களா? போங்க சார், போங்க! தம்பி, கெட்டியாப் பிடிச்சுக்கங்க. போலீஸ் பைக் முன்னாடி போக, மடியில ஒரு முழு பாட்டிலோட போற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்!

*

– நில்லுங்க. அந்த மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்க. பாட்டிலை பெஞ்ச் மேல வச்சுட்டு நாலடி தள்ளிப் போங்க.

– முகமே தெரியலையே, நீதானா?

– குரல் தெரியலையா? பன்னெண்டு வருஷமா கேக்கறீங்க. தள்ளுங்க. ...சீல் உடையல.

– சொன்னேன்ல?

– மூடி வளையம், லேபிள், எல்லாம் அப்படியே இருக்கு. என்னங்க, நிஜமாவே தொடலையா?

– அப்புறம் பாக்கலாம்னியே. போ, உள்ள போ.

– இங்கேயே உக்காருங்க. எங்கயும் போயிடாதீங்க. டாக்டர்! வந்துடுச்சு டாக்டர்!

*

– என்ன தம்பி, ஒரு மணி நேரமா அந்த ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கீங்க. டீ வாங்கி வந்தேன், குடிங்க.

– உள்ள யாரும் ஓடலையேண்ணே. ஓடாம இருந்தா நல்லதா, கெட்டதா?

– நல்லது. கெட்டதுன்னா ஓடுவாங்க. இருபது வருஷமா வாசல்லயே நின்னு பாக்கறேன். அதோ, சிஸ்டரே வர்றாங்க. முகக் கவசத்தைக் கழட்டிட்டாங்க பாருங்க. அப்ப நல்ல சேதிதான்.

– முதல் அளவு உள்ள போயிடுச்சுங்க. மூச்சு சீராகிட்டு வருது. டயாலிசிஸ் மெஷின்லயும் போட்டாச்சு. போன வருஷமா இருந்தா சனிக்கிழமை சாயங்காலம் அதைக் கவனிக்க ஒரு கை கூடக் காலியா இருந்திருக்காது. டாக்டர் மணிக்கொரு தடவை அளந்து விடறார். அந்த பாட்டில் நாளைக்கு மதியம் வரைக்கும் வரும்.

– கண்ணு?

– முழுசா சொல்ல முடியாது. ஆனா விளக்கு எந்தப் பக்கம்னு கேட்டேன், சரியா கை காட்டினார். "நர்சம்மா, உங்க தொப்பி நீலமா"ன்னார். நீலம்தான்; எல்லாம் வெள்ளையா தெரிஞ்சது போய் நிறம் தெரிய ஆரம்பிச்சிருக்கு. டாக்டர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டார். அந்த சந்தோஷத்துலயே, "மேஜையை எடுக்கக் கூடாது சார், கடை திறந்தாத்தான் அது இன்னும் வேணும்"னேன். "யார் எடுக்கச் சொன்னா, இன்னொரு நாற்காலியும் போடு"ன்னுட்டார்!

– அடி சக்கை! ஸ்டியரிங் சத்தியமா இந்த ஆஸ்பத்திரில உங்களை மாதிரி...

– அண்ணே, போதும். வீட்டுக்காரர் முன்னாடி ரொம்பப் புகழாதீங்க, பழக்கமில்ல, மயங்கி விழுந்துடுவார்.

– இல்ல சிஸ்டர், இன்னொரு விஷயம் இருக்கு. வேலை இன்னும் முடியல. இந்த ஸ்பானர். லிஃப்ட் கதவை மூடாம நிறுத்த அந்த ஆள் சொருகி வச்சுட்டுப் போனது. மேல மேஜைல ரெண்டு கிளாஸ் இருந்துச்சு. குடிச்சது ரெண்டு பேர். இன்னொருத்தனைத் தேடியாகணும்.

– ரெண்டு பேரா? ஐயையோ, நேத்து குடிச்சதுன்னா இன்னேரம்... குடுங்க, அதுல ஏதாவது பேர் எழுதியிருக்கா?

– பேர் இல்ல. பிடியில வெள்ளையா ஏதோ சுத்தியிருக்கு.

– இது பிளாஸ்டர். ஆஸ்பத்திரி பிளாஸ்டர். ரெண்டு சுத்து நேரா, ஒரு சுத்து குறுக்கா, முனையை மடிச்சு உள்ள விட்டிருக்கு. இப்படிச் சுத்தறது இந்த ஊர்லயே நான் ஒருத்தி. அஞ்சாம் நாள், கை நடுங்கி ஸ்பானர் நழுவுதுன்னீங்க. நான்தான் சுத்திக் குடுத்தேன்.

– ஏம்மா...

– யோவ். நீங்களா போன் பண்ணினது?

– ஆமா. மத்தியானம் அவரே கூப்பிட்டார், எல்லாம் வெள்ளையா தெரியுதுன்னு. ஓடினேன்.

– நேத்து? பை காலியா வந்துச்சே, நேத்து?

– நேத்தும் அங்கதான் போனேன்.

– அந்த ரெண்டாவது கிளாஸ்?

– என்னோடது.

– கடவுளே. எத்தனை மணிக்கு? நாலு மணிக்கா? இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு! வாசல்ல ஒரு மணி நேரமா சும்மா உக்காந்திருக்கீங்களே! இங்க பாருங்க. என் முகத்தைப் பாருங்க. இது எத்தனை விரல்? அண்ணே, ஸ்ட்ரெச்சர்! டாக்டரைக் கூப்பிடுங்க, இன்னொரு பெட்...

– ரெண்டு விரல். உன் மோதிரம் தெரியுது, நகத்துல மருதாணி பாதி அழிஞ்சிருக்கறது தெரியுது. ஒரு நிமிஷம் கேளு.

– கேக்க மாட்டேன்! ஆரம்பத்துல எல்லாருக்கும் கண்ணு தெரியும்! முப்பத்தெட்டு நாள். முப்பத்தெட்டு நாள் நான் ஒவ்வொண்ணா எண்ணினேன். திங்கக்கிழமைக்குத்தான் பயந்துக்கிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமையே முடிஞ்சு போச்சா?

– நான் சொன்னா நம்புவியா?

– மாட்டேன்.

– தெரியும். பன்னெண்டு வருஷமா நான் சொன்னதை நம்பி நம்பி உனக்கு அலுத்துப் போச்சு. அதனால நான் சொல்லப் போறதில்ல. அண்ணே, அந்த மேஜையை உங்க கண்ணால பாத்தது நீங்க. எனக்காக வேண்டாம், ஸ்டியரிங் சத்தியமா உள்ளதைச் சொல்லுங்க. மீசைக்காரர் கிளாஸ் காலியா இருந்துச்சு. இன்னொரு கிளாஸ் எப்படி இருந்துச்சு?

– அதுவா? நிறைஞ்சு இருந்துச்சு சிஸ்டர், விளிம்பு வரைக்கும்; மேல ஒரு ஈ செத்து மிதந்துச்சு, ஒரு வாய் கூட யாரும் தொடல.